புல்லட் ஆயில் லீக்: மூணு பேக்கிங் செட், ஒரு ரப்பர் மூக்கு

ஆபீஸ் பையன் ஒருத்தன், அண்ணா பழைய காஸ்ட் அயர்ன் இன்ஜின் புல்லட் ஒண்ணு வருது வாங்கலாமான்னு கேட்டான். டீக்கடைல நின்னு சொல்லி முடிக்கிற கத இல்ல இது, அதான் எழுதறேன்.

என்னுது 86 மாடல், எங்கிட்ட வந்து 11 வருஷம். வலது கால் கியர், 350 சிசி அதெல்லாம் உனக்கே தெரியும், உடு. ஆயில் மட்டும் பேசுவோம்.

நம்ம காலடிப்பேட்டை வீட்டுல வண்டி நிக்கிற எடத்துல தான் ஹவுஸ் ஓனர் அம்மா கோலம் போடும். தெனம் காலைல அந்த எடத்துல கருப்பா ஒரு வட்டம். "இன்னா தம்பி, உன் வண்டி எனக்கு முன்னாடியே புள்ளி வெச்சிருது"ன்னு அது கேக்கும்போது நான் எங்க மூஞ்ச வெச்சிக்கறது?

ஒரு மெக்கானிக் கிளட்ச் கவர் பேக்கிங் (ஆயில் கசியாம இருக்க மூடிக்கு நடுவுல வெக்கிற அட்ட) மாத்தினான். இன்னொருத்தன் டேப்பட் கவர், டைமிங் கவர் ரெண்டுத்துக்கும் சிலிக்கான் பேஸ்ட்ட கேக்குல க்ரீம் வெக்கிற மாதிரி அப்பி வெச்சான், அது பிதுங்கி உள்ள போயி ஆயில் வழிய அடைச்சா இன்ஜினே காலி, அது அவனுக்கு கவலையே இல்ல. மூணு பேக்கிங் செட் போச்சு, வட்டம் மட்டும் அப்படியே.

கடைசில நானே உக்காந்தேன். மண்ணெண்ண போட்டு இன்ஜின தொடச்சு காய வெச்சு, வீட்டுல இருந்த மூஞ்சி பவுடர மேல தூவி (வீட்டம்மா திட்டுனது தனி கத) டோல்கேட் வரைக்கும் ஒரு ரவுண்டு. சொட்டற எடத்துல லீக் இருக்கும்னு நெனைக்காத, ஓடும்போது காத்து ஆயில பின்னாடி இழுத்துனு போயிடும், பவுடர்ல தான் தடம் தெரியும். பாத்தா ஒரே நேரத்துல மூணு எடம் ஈரம். மூணு பேக்கிங்கும் ஒண்ணா சேந்து கெட்டுப்போகுமா? உள்ள இருந்து எதோ தள்ளுது.

ராயபுரத்துல ஒரு பெரியவர் கிட்ட போனேன். ஸ்பேனர தொடவே இல்ல. ப்ரீதர் பைப் முனைல வாத்து மூக்கு மாதிரி ஒரு ரப்பர் இருக்கும், பிஸ்டன் கீழ வரும்போது உள்ள இருக்கற காத்து அது வழியா வெளிய போவணும், திரும்ப உள்ள வரக் கூடாது. அத அமுக்கி பாத்தாரு, கல்லு மாதிரி ஒட்டிக்கினு கெடக்கு. "மூக்க அடச்சிக்கினு ஓடச் சொன்னா எங்கனா பிச்சிக்கினு தான் வரும்"னாரு. புது ரப்பர் டீ வட காசு. 11 வருஷத்துல ஒரு தபா கூட நான் அத தொட்டதில்ல, வண்டிய திட்டி இன்னா பண்றது.

அதுக்கப்புறம் ரெண்டு மாசம் தர காஞ்சு கெடந்துச்சு. எண்ணூர் ரோட்டுல கன்டெய்னர் லாரிங்க நடுவுல, உப்புக் காத்துல, அம்பதுல தட் தட்னு போவும்போது இருக்கே, அத வேற எந்த வண்டியும் தராது, எழுதியே குடுக்கறேன்.

இன்னிக்கு காலைல கியர்பாக்ஸ் ஸ்ப்ராக்கெட் (செயின் மாட்டற பல்லு சக்கரம்) பக்கம் ஈரம்.

அதனால வாங்காத தம்பி. போன வாரம் கேட்டிருந்தன்னா, அட்வான்ஸ் குடுக்க நானே கூட வந்திருப்பேன்.