ஒரே ஆபீஸில் மூணு வைஃபை: கெஸ்ட் நெட்வொர்க்கா, இன்னொரு ரவுட்டரா, வி-லானா?

பத்துப் பதினைந்து பேர் வேலை பார்க்கும் ஒரு ஆடிட்டர் ஆபீஸை எடுத்துக்கொள்வோம். டேலி ஓடும் கம்ப்யூட்டர்கள், பிரிண்டர், சிசிடிவி டிவிஆர், கைரேகை வைக்கும் அட்டெண்டன்ஸ் மெஷின், இது போக வந்து உட்கார்ந்ததும் "சார், வைஃபை பாஸ்வேர்டு?" என்று கேட்கும் கிளையன்ட். எல்லாம் ஒரே நெட்வொர்க்கில் கிடந்தால், டேலி டேட்டா இருக்கும் ஷேர்டு ஃபோல்டரின் கதவை அந்த கிளையன்ட்டின் போனும் தட்டலாம்.

சுலபமான வழி ரவுட்டரிலேயே இருக்கும் கெஸ்ட் நெட்வொர்க். செலவில்லை, வீட்டுக்குத் தாராளமாகப் போதும். ஆனால் நெட் கம்பெனி கொடுத்த பெட்டிக்குப் பின்னால் அந்த ரவுட்டரை வெறும் ஆக்சஸ் பாயிண்டாக (வைஃபை சிக்னல் மட்டும் தரும் பெட்டியாக) மாட்டியிருந்தால், பல மாடல்களில் கெஸ்ட்டுக்குப் பெயர் மட்டும்தான் வேறு, உள்ளே அதே நெட்வொர்க். கெஸ்ட்டில் போனை இணைத்து பிரவுசரில் பிரிண்டரின் ஐபி முகவரியை அடித்துப் பாருங்கள், பிரிண்டர் பக்கம் திறந்தால் எதுவும் பிரியவில்லை என்று அர்த்தம்.

அடுத்தது இரண்டாவது ரவுட்டர். இதைப் பலர் தலைகீழாகச் செய்கிறார்கள்: ஆபீஸ் பழைய ரவுட்டரிலேயே இருக்கட்டும், கெஸ்ட்டுக்குப் புதுசு வாங்கி அதன் பின்னால் மாட்டுவோம் என்று. நாட் (உள்ளே இருக்கும் எல்லாவற்றையும் ஒரே ஐபி முகவரியில் வெளியே காட்டும் ரவுட்டர் வேலை) வெளியிலிருந்து உள்ளே வருவதைத்தான் தடுக்கும், உள்ளிருந்து வெளியே போவதை அல்ல. அதனால் பின்னால் இருக்கும் கெஸ்ட், முன்னால் இருக்கும் ஆபீஸ் கம்ப்யூட்டர்களை எட்டிவிடுவார். கெஸ்ட் முதல் பெட்டியில், ஆபீஸ் இரண்டாவதில், இரண்டுக்கும் வேறு வேறு ஐபி வரிசை (ஒன்று 192.168.1 என்றால் மற்றது 192.168.50), அவ்வளவுதான். இரட்டை நாட் ஆவதால் வெளியிலிருந்து டிவிஆர் பார்க்க ரவுட்டரில் வழி விடுவது (போர்ட் திறப்பது) மட்டும் தலைவலி. கையில் பழைய ரவுட்டர் இருந்தால் இதுவே போதும் என்பேன்.

முறையான வழி வி-லான்: ஒரே கேபிளில் போகும் டேட்டாவுக்கு எண் ஒட்டிப் பிரிப்பது. ஸ்டாஃப் 10, கெஸ்ட் 20, டிவிஆரும் அட்டெண்டன்ஸ் மெஷினும் 30. மைக்ரோடிக், டிபி-லிங்க் ஓமாடா, யூனிஃபை மாதிரி ஆபீஸ் நெட்வொர்க் பிராண்டுகள் எல்லாம் செய்யும். நடுவில் இருக்கும் சுவிட்சும் இந்த எண்களைப் புரிந்துகொள்கிற மேனேஜ்டு சுவிட்சாக இருக்க வேண்டும், மூலையில் கிடக்கும் சாதா எட்டு போர்ட் பெட்டியை நம்ப முடியாது. அப்புறம், எண் கொடுத்ததோடு வேலை முடிந்தது என்று எழுந்துவிடுகிறார்கள். மைக்ரோடிக்கில் ஃபயர்வாலில் (எது எங்கே போகலாம் என்ற விதிகளில்) தடுக்கும் வரை ஒரு வி-லானிலிருந்து இன்னொன்றுக்குத் தாராளமாகப் போகலாம், மற்றவற்றிலும் அப்படித்தானா என்று பார்க்காமல் விடாதீர்கள். பிரிண்டரை ஸ்டாஃப் பக்கமே வைத்துவிடுங்கள், இல்லையென்றால் போனிலிருந்து அது தானாகத் தென்படாது.

இது நன்றாக இருக்கிறதே என்று ஆறேழு வைஃபை பெயர் வைக்காதீர்கள். ஒவ்வொரு பெயருக்கும் நொடிக்குச் சுமார் 10 முறை "நான் இருக்கிறேன்" என்ற சிக்னல் போகிறது, அதுவும் இருப்பதிலேயே மெதுவான வேகத்தில், 2.4 கிகாஹெர்ட்ஸில் பெரும்பாலும் 1 எம்பிபிஎஸ்ஸில். பக்கத்துக் கடைகளும் அதே 1, 6, 11 சானல்களில்தான் முட்டிமோதுகின்றன. மூணு பெயர், மிஞ்சினால் நாலு.

எனக்குப் பிடித்தது ஒரே பெயர், ஆளுக்கொரு பாஸ்வேர்டு என்கிற பிபிஎஸ்கே. எந்தப் பாஸ்வேர்டு என்பதை வைத்து வி-லான் தானாக அமையும். ஆர்ட்டிகிள் பையன் (சிஏ பயிற்சிக்கு வந்தவன்) ஒருவன் விலகினால் அவனுடையதை மட்டும் அழித்தால் போதும், மற்ற எல்லார் போனிலும் புதுசாக அடித்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை. பெரும்பாலும் டபிள்யூபிஏ2 என்ற பழைய வைஃபை பாதுகாப்பு முறையில்தான் ஓடும் என்பது குறை. ரேடியஸ் சர்வர் (யார் உள்ளே வரலாம் என்று சரிபார்க்கும் கம்ப்யூட்டர்) வைத்து யூசர்நேம் கேட்கும் எண்டர்பிரைஸ் முறை, கல்லூரிகளில் இருக்கும் எடுரோம் மாதிரி, இன்னும் பலமானதுதான், ஆனால் இந்த அளவு ஆபீஸுக்கு அதைக் கட்டி மேய்க்க யார் இருக்கிறார்கள்? அட்டெண்டன்ஸ் மெஷினில் யூசர்நேம் போடவே இடம் இருக்காது.

வைஃபை பெயரை மறைத்து வைப்பது, மேக் முகவரி (ஒவ்வொரு கருவிக்கும் உள்ள அடையாள எண்) பார்த்து அனுமதிப்பது இரண்டும் வீண் வேலை. ஆண்ட்ராய்டு 10, ஐஓஎஸ் 14 வந்ததிலிருந்து போன்களே மேக் முகவரியை மாற்றிக் காட்டுகின்றன.