அம்மாவின் கூட்டுப் பணம் 1,850 வெள்ளி போனது: துயர ஆதரவுக் குழு தேடுவோர் கவனத்துக்கு

இன்று காலை ஏழரை மணிக்கு என் எண்ணையும் என் அண்ணனின் எண்ணையும் அப்பாவைச் சேர்த்துவிட்ட பயிற்சி மையத்தார் புலனத்தில் (வாட்ஸ்அப்) தடை செய்துவிட்டார்கள் என்பதைத் தெரிந்துகொண்ட கையோடு இதை எழுதுகிறேன். போன பணம் 1,850 வெள்ளி (மலேசிய ரிங்கிட்). பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் புகார் கொடுக்க இருப்பதால் அந்த இடத்தின் பெயரை இங்கே சொல்லப் போவதில்லை. முகநூலில் தமிழில் விளம்பரம் செய்து, கோலாலம்பூரில் ஒரு கடைவீட்டின் இரண்டாவது மாடியில் ‘குழு சிகிச்சை’ நடத்துவதாகச் சொல்லிக்கொள்ளும் ஒரு பயிற்சி மையம் என்ற அளவில் நிறுத்திக்கொள்கிறேன். அப்பாவிடம் முழுவதையும் வாசித்துக் காட்டி, அவர் சரி என்று சொன்ன பிறகுதான் பதிவிடுகிறேன்.

அம்மா இறந்து ஏழு மாதங்கள் ஆகின்றன. அப்பாவுக்கு எழுபத்தொரு வயது. செந்தூல் ரயில்வே பட்டறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அம்மா போன பிறகு காலையில் கோப்பிக்கடைக்குப் போவதை நிறுத்தினார், கோயிலுக்குப் போவதையும் நிறுத்தினார், ஆனால் அம்மாவின் கைப்பேசிக்கு மட்டும் இரவுதோறும் மறக்காமல் சார்ஜ் போட்டு வைப்பார். அரசாங்கக் கிளினிக்கில் இரத்த அழுத்தம் பார்த்த இளம் மருத்துவர்தான், துணையை இழந்தவர்கள் கூடிப் பேசும் ஓர் ஆதரவுக் குழுவில் அப்பாவைச் சேர்த்துப் பாருங்கள் என்றார். நல்ல யோசனைதான், அவர் மீது எனக்கு எந்தக் குறையும் இல்லை. தேடிய நான்தான், ஆதரவுக் குழு என்பது வேறு, குழு சிகிச்சை என்பது வேறு என்பதைக்கூட அறியாமல் கண்ணில் பட்ட முதல் விளம்பரத்தைத் தொட்டேன்.

தொலைபேசியில் பேசிய பெண் நாற்பது நிமிடம் பேசினார். அந்த நாற்பது நிமிடத்தைத்தான் நான் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்க்கிறேன். அம்மாவின் பெயரைக் கேட்டார், எந்த மருத்துவமனை என்று கேட்டார், அப்பா சாப்பிடுகிறாரா, தூங்குகிறாரா என்று கேட்டார். காரியங்கள் முடிந்த பிறகு எங்கள் உறவினர்கள்கூட அப்படி விசாரித்ததில்லை. நான் அழுதபோது அவசரப்படுத்தாமல் காத்திருந்தார். பிறகு, “அக்கா, இனிமேல் அப்பா எங்களுக்கும் அப்பாதான், நீங்க கவலைய விடுங்க” என்றார். எட்டுப் பேருக்கு மேல் இருக்காது, தகுதி பெற்ற கவுன்சலர் (மனநல ஆலோசகர்) நடத்துவார், ஆறு வாரம், வாரம் ஒருமுறை என்றார். கட்டணம் 2,200 வெள்ளி, இன்றே கட்டினால் 1,850 வெள்ளி என்றார். அவர் தொலைபேசியை வைப்பதற்கு முன்பே நான் பணத்தை அனுப்பிவிட்டேன். அது அம்மா எங்கள் தாமானில் (குடியிருப்பில்) உள்ள பெண்களோடு சேர்ந்து போட்டிருந்த கூட்டுப் பணம், அதாவது சீட்டுப் பணம். அவர் முறை அவர் இறந்த பிறகுதான் வந்தது. அம்மாவின் காசு அப்பாவுக்கே போகட்டும் என்று நினைத்தேன்.

முதல் சனிக்கிழமை நானும் உடன் போனேன். எட்டு நாற்காலிகளை எதிர்பார்த்துப் போன இடத்தில் முப்பத்தேழு நாற்காலிகள் வகுப்பறையைப் போல வரிசையாகப் போடப்பட்டிருந்தன. கடனில் சிக்கியவர், மணமுறிவு கண்டவர், பரீட்சையில் தோற்ற மாணவன், மனைவியை இழந்த என் அப்பா என எல்லாரும் ஒரே அறையில் இருந்தார்கள். யாரையும் முன்கூட்டித் தனியாக அழைத்துப் பேசியிருக்கவில்லை. இங்கே கேட்பது இங்கேயே இருக்க வேண்டும் என்ற ஒரு சொல்லும் சொல்லப்படவில்லை. முன்னால் ஒரு முக்காலியில் கைப்பேசி பொருத்தப்பட்டுப் பதிவு ஓடிக்கொண்டிருந்தது.

இறந்தவரின் படத்தைக் கொண்டு வரச் சொல்லியிருந்தார்கள். அண்ணன் கல்யாணத்தில் எடுத்த அம்மாவின் படத்தை அப்பா ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் வைத்து, உறையின் மேல் விரல் பட்ட இடத்தையெல்லாம் கைக்குட்டையால் துடைத்தபடி மடியில் வைத்திருந்தார். ஒலிவாங்கி பிடித்தவர் அப்பாவை எழுந்து நிற்கச் சொல்லி, படத்தைக் கையிலிருந்து வாங்கி எல்லாருக்கும் உயர்த்திக் காட்டி, அம்மாவின் பெயரை உரக்கச் சொல்லி “நான் உன்னை விட்டுவிட்டேன்” என்று மூன்று முறை சொல்லுமாறு கேட்டார். அப்பா ஒருமுறை வாயைத் திறந்தார், குரல் வரவில்லை. அழ மறுப்பவருக்கு விடுதலை இல்லை என்று அந்த மனிதர் சபைக்குச் சொன்னார், சபை கை தட்டியது. இடைவேளையில் 3,600 வெள்ளிக்கு இரண்டாம் நிலைப் பயிற்சிக்கான படிவத்தை எல்லார் கையிலும் கொடுத்தார்கள்.

திரும்பும் வழியில் ஜாலான் ஈப்போ நெரிசலில் நிற்கும்போது அப்பா ஒன்றே ஒன்று கேட்டார்: “அவ பேர ஏம்மா மைக்கில சொல்லச் சொன்னாங்க?” என்னிடம் பதில் இல்லை.

மூன்றாம் நாள் அம்மாவின் படம் அவர்களுடைய விளம்பரத்தில் வந்தது. அப்பா தலைகுனிந்து நிற்க, அந்த மனிதர் கையில் அம்மா சிரித்துக்கொண்டிருந்தார்.

படத்தை எடுக்கச் சொல்லி, பணத்தைத் திருப்பிக் கேட்டேன். அன்றிலிருந்து நடந்தது எல்லாம் தட்டிக்கழிப்பு. முதலில் அந்தப் பெண், “நான் மேலிடத்தில் சொல்கிறேன் அக்கா” என்றார். பிறகு கணக்குப் பிரிவு பதினான்கு வேலை நாள் எடுக்கும் என்றார்கள். பதினைந்தாவது நாள் அழைத்தபோது, பணம் திரும்பத் தரப்படாது, வேண்டுமானால் ஆறு மாதத்துக்குள் வேறு நிகழ்ச்சியில் கழித்துக்கொள்ளலாம் என்றார்கள். நடத்துபவரின் பதிவு எண்ணைக் கேட்டேன். அதெல்லாம் அரசாங்கத்தில் வேலை செய்பவர்களுக்குத்தான், எங்களுடையது அனைத்துலகச் சான்றிதழ் என்றார்கள். கடைசியாக, உங்கள் அப்பா ஒத்துழைக்கவில்லை, குறை அவர் மனத்தில் இருக்கிறது என்று எழுத்திலேயே அனுப்பினார்கள். அந்த ஒரு வரிக்காகவே 1,850 வெள்ளியை விடக் கூடாது என்று முடிவு செய்தேன். போலீசில் புகார் கொடுப்பேன் என்ற பிறகுதான் படத்தை எடுத்தார்கள். பணம் வரவில்லை, இன்று எண்ணும் தடை.

பதிவு எண் பற்றி அவர்கள் சொன்னது பொய். 1998ஆம் ஆண்டு கவுன்சலர்கள் சட்டத்தின்படி, நம் நாட்டில் கவுன்சலர் என்று சொல்லித் தொழில் செய்ய, அரசாங்கத்தில் இருந்தாலும் தனியாரில் இருந்தாலும், கவுன்சலர்கள் வாரியமான லெம்பாகா கவுன்சலரில் பதிந்திருக்க வேண்டும். பதிந்தவருக்கு கே.பி. (KB) என்று தொடங்கும் பதிவு எண்ணும், பி.ஏ. (PA) என்று தொடங்கும் தொழில் அனுமதி எண்ணும் இருக்கும். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் (மருத்துவ உளவியலாளர்) என்றால் 2016ஆம் ஆண்டின் துணைச் சுகாதாரத் தொழில்கள் சட்டத்தின் கீழ் பதிவு கேட்க வேண்டும். கேட்டவுடன் எண்ணைச் சொல்வதற்கு உண்மையானவருக்கு எந்தத் தயக்கமும் இருக்காது.

இப்போது அப்பா ஒரு பதிவு பெற்ற கவுன்சலரைத் தனியாகப் பார்த்து வருகிறார். அந்த அம்மாள் விளக்கிய பிறகுதான் எனக்கு விஷயம் விளங்கியது. குழு சிகிச்சை என்பது பயிற்சி பெற்ற ஒருவர் நடத்துவது. பெரும்பாலும் எட்டுப் பேர் அளவில் வட்டமாக உட்கார்வார்கள். சேர்ப்பதற்கு முன் ஒவ்வொருவரிடமும் தனியாகப் பேசி, அவருக்கு இந்தக் குழு ஏற்றதா, இந்த நேரம் ஏற்றதா என்று பார்ப்பார்கள். பேசாமல் உட்கார்ந்திருக்கவும் அங்கே உரிமை உண்டு. ஆதரவுக் குழு என்பது ஒரே துன்பத்தைக் கண்டவர்கள் தாங்களே கூடிக்கொள்வது. அதற்குக் கட்டணம் இருக்காது, இருந்தாலும் தேநீர்ச் செலவு அளவுதான். குடியிலிருந்து மீள்வோருக்காக 1935இல் அமெரிக்காவில் தொடங்கி இன்று கோலாலம்பூரிலும் கூடுகின்ற ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸில் உறுப்பினர் கட்டணமே கிடையாது. வந்தவர்கள் விரும்பினால் போடும் காசில்தான் அது நடக்கிறது. நானோ ஒரு மேடை நிகழ்ச்சிக்கு 1,850 வெள்ளி கட்டியிருக்கிறேன்.

எப்படித் தேடுவது என்பதைப் பற்றி விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன். மனம் கொதித்துக்கொண்டிருப்பதால் முடியவில்லை. அவசரமானதை மட்டும் சொல்கிறேன்.

முதலில் அரசாங்கக் கிளினிக்குக்குப் போய் அரசாங்கத்தின் சமூக மனநல மையமான மெந்தாரிக்கு அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். கிளினிக்கில் பதிவுக் கட்டணம் 1 வெள்ளிதான். இரவில் தாங்க முடியாமல் போனால் 1970 முதல் இயங்கிவரும், மனம் உடைந்தவர்களின் பேச்சைக் கேட்கும் தன்னார்வ அமைப்பான பிஃப்ரெண்டர்ஸ் 03-7627 2929 என்ற எண்ணில் இருபத்து நான்கு மணி நேரமும் கேட்கிறார்கள். சுகாதார அமைச்சின் மனநல உதவிக்கான ஹீல் எண் 15555. நடத்துபவரின் பெயரையும் பதிவு எண்ணையும் எழுத்தில் வாங்காமல் ஒரு காசும் அனுப்பாதீர்கள். எத்தனை பேர், கைப்பேசியில் ஒளிப்பதிவு செய்வார்களா, பாதியில் விலகினால் பணம் என்ன ஆகும் என்பதையும் எழுத்தில் கேளுங்கள். இன்றே கட்டினால் குறைவு என்றால் அன்று கட்டாதீர்கள். ஏற்கெனவே ஏமாந்திருந்தால், மூன்று ஆண்டுக்குள் பயனீட்டாளர் நடுவர் மன்றத்துக்குப் போகலாம். 50,000 வெள்ளி வரை கோரலாம், மனுக் கட்டணம் 5 வெள்ளி, வழக்கறிஞர் தேவையில்லை. புலன உரையாடல்களையும் வங்கி ரசீதையும் அழிக்காமல் வைத்திருங்கள்; நான் எல்லாவற்றையும் அச்செடுத்துவிட்டேன், திங்கட்கிழமை கொண்டு போகிறேன். இறந்தவர்களின் படத்தை மட்டும் யார் கேட்டாலும் கொடுத்தனுப்பாதீர்கள்.