கிருமி பயம்: மட்கு உரமா, மண்புழு உரமா?

மாடித்தோட்டத்துக்கு உரம் தயாரிக்க டிரம்மில் மட்க வைக்கும் முறை, மண்புழுத் தொட்டி இரண்டையும் வைத்துப் பார்த்தபின் மண்புழுப் பக்கம் சாய்ந்துவிட்டேன். சத்து, நாற்றம், செலவு பற்றி எல்லோரும் பேசியாகிவிட்டது. கொத்தமல்லியையும் புதினாவையும் பச்சையாக அரைத்துச் சாப்பிடும் வீட்டில் எனக்கு உறுத்தியது வேறு: உரத்தில் சால்மோனெல்லா, ஈ.கோலை மாதிரி வயிற்றைக் கெடுக்கும் கிருமிகள் உயிரோடு இருக்குமா?

ஏட்டின்படி மட்கு உரமே முந்துகிறது. குவியல் 55 டிகிரி செல்சியஸுக்குக் குறையாமல் மூன்று நாள் நின்றால் இவை பெரும்பாலும் மடியும். அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை 1993இல் கழிவுநீர்க் கசடுக்கு வகுத்த விதியும் மூடிய கலனுக்கு இதே கணக்கைத்தான் கேட்கிறது. ஆனால் அந்தச் சூடு பிடிக்க ஏறத்தாழ ஒரு கன மீட்டர் குவியல் வேண்டும். தினமும் இரண்டு கை காய்கறித் தோல் விழும் டிரம்மில் சூடு தங்குவதே இல்லை. என் டிரம் வெதுவெதுப்போடு நின்றுவிட்டது. அந்த இளஞ்சூடு கிருமிகளுக்குச் சௌகரியம். சித்திரை வெயில் டிரம்மின் மேல்புறத்தைச் சுடுமே தவிர நடுவை எட்டாது. பெரிய குடியிருப்பில் இலைச்சருகோடு பொதுக் குவியல் போட முடிந்தால் நானும் மட்கு உரத்தையே தேர்ந்தெடுப்பேன்.

மண்புழுவுக்குச் சூடு தேவையில்லை. 35 டிகிரியைத் தாண்டினால் அதுவே செத்துவிடும். கழிவு அதன் குடல் வழியே போகையிலும், தொட்டியில் பெருகும் மற்ற நுண்ணுயிர்கள் இரைக்குப் போட்டியிடுகையிலும் நோய்க்கிருமிகள் குறைகின்றன. ஆய்வுகளும் இதைக் காட்டியிருக்கின்றன. அடியோடு ஒழியும் என்று சொல்ல மாட்டேன். ஈரம், தீனி, புழுக்களின் எண்ணிக்கை எல்லாவற்றையும் பொறுத்து அளவு மாறும். வெப்பமானியைச் செருகி உறுதிசெய்துகொள்ளும் வசதியும் இங்கே கிடையாது.

வேடிக்கை என்னவென்றால், நாம் சந்தேகப்படுவது வெண்டைக்காய்க் காம்பை, ஈ.கோலை கூடுதலாக வருவதோ புழுப்படுக்கைக்கு நாமே வாங்கிவரும் பசுஞ்சாணத்தில். அதை இரண்டு மூன்று வாரம் ஆறப்போட்ட பிறகே தொட்டியில் சேர்க்கிறேன். நாய், பூனைக் கழிவுக்கு இரண்டிலும் இடமில்லை. மீன், கோழிக் கழிவை நான் போட்டதில்லை. போடுகிறவர்களுக்கு என் அனுபவம் உதவாது.

தொட்டியடியில் வடியும் நீர் பாதி மட்கிய கழிவின் ஊடாக இறங்கி வருவது. அதைக் கத்தரி, மிளகாய்ச் செடிகளின் வேரில் மட்டும் ஊற்றுகிறேன். கீரையின் மேல் தெளிப்பதில்லை.