கொழிஞ்சாம்பாறைப் பட்டறையில் கட்டிய ஹோண்டா சிட்டி வீடெக் என்ஜின்: பதினோராயிரம் கிலோமீட்டருக்குப் பிறகு

பாலக்காடு மாவட்டக் கொழிஞ்சாம்பாறையில், வேலந்தாவளம் போகும் வழியில், வெளியிலிருந்து பார்த்தால் சாதாரண லேத் பட்டறை போலத் தெரியும் ஓர் இடத்தில்தான் என்னுடைய 2002ஆம் ஆண்டு ஹோண்டா சிட்டி வீடெக் காரின் என்ஜினை முழுமையாகப் பிரித்துக் கட்டினேன். பலகையில் மலையாளத்திலும் தமிழிலும் எழுதியிருப்பது 'போரிங், ஹெட் வேலை' என்பது மட்டுமே. டர்போ போடாமல், வெளிக்காற்றைத் தானே இழுத்து ஓடும் என்ஜினிலிருந்து நல்ல சக்தி வேண்டும், ஆனால் தினமும் ஓட்டவும் வேண்டும் என்று நினைப்பவர்களுக்கு இந்த அனுபவம் பயன்படும் என்பதால் விரிவாகவே எழுதுகிறேன்.

நான் அங்கே போனதற்குக் காரணம் ஒரு கசப்பான அனுபவம். முன்பு வேறோர் ஊர்ப் பட்டறையில், கம்ப்ரெஷனை, அதாவது காற்று-பெட்ரோல் கலவை அழுத்தப்படும் அளவை, கூட்டுகிறோம் என்று சொல்லி, எந்த அளவும் எடுக்காமல் சிலிண்டர்களின் மேல்மூடியான சிலிண்டர் ஹெட்டைச் சீவிக் கொடுத்தார்கள். சித்திரை வெயிலில் பாலக்காட்டுச் சாலையில் மூன்றாவது கியரில் அழுத்தியபோதெல்லாம் கலவை தானாகவே பற்றி வெடிப்பதால் வரும், கூழாங்கல்லை டப்பாவில் குலுக்குவது போன்ற நாக்கிங் சத்தம் கேட்டது; நாலாயிரம் கிலோமீட்டருக்குள் ஒரு பிஸ்டனில் ரிங் உட்காரும் விளிம்பே உடைந்துவிட்டது.

கொழிஞ்சாம்பாறை மேஸ்திரி செய்த முதல் வேலை, என்ஜினைக் கழுவிவிட்டு இரண்டு நாள் அளந்துகொண்டே இருந்ததுதான். இந்த என்ஜினின் போர் (சிலிண்டரின் விட்டம்) 75 மில்லிமீட்டர், ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) 84.5 மில்லிமீட்டர், கொள்ளளவு 1493 சிசி. தேய்மானத்தைப் பார்த்து அரை மில்லிமீட்டர் ஓவர்சைஸ் பிஸ்டன் போட முடிவானதால் அது 1513 சிசி ஆனது. போர் கூடியதால் சக்தி ஏதோ பெருகிவிட்டது என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. இருபது சிசியில் ஒன்றும் வந்துவிடாது. சிலிண்டர் வட்டமாகவும் நேராகவும் மாறியதுதான் ஆதாயம்.

உண்மையான வேலை ஹெட்டில் நடந்தது. கம்ப்ரெஷன் விகிதம் 10.5 வேண்டுமென்றால், ஒரு சிலிண்டரின் 378 சிசிக்கு மேலே, கேஸ்கெட் தடிமனும் பிஸ்டன் தலையின் பள்ளமும் உட்பட, 39.8 சிசி இடம்தான் மிஞ்ச வேண்டும். ஹெட்டைக் கவிழ்த்து வைத்து, எரிபொருள் எரியும் குழியான ஒவ்வொரு சேம்பரின் ஓரத்திலும் கிரீஸ் தடவி, துளையிட்ட கண்ணாடி போன்ற அக்ரிலிக் தகட்டை அதன்மேல் அழுத்தி, பள்ளிக்கூட ஆய்வகத்தில் இருக்குமே, அதே மாதிரி பியூரெட்டிலிருந்து சாயம் கலந்த மண்ணெண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விட்டார். காற்றுக் குமிழ் ஒன்று ஓரமாக நின்றுவிட்டால் தகட்டைத் தட்டி அதை வெளியேற்றிவிட்டு மறுபடியும் முதலிலிருந்து தொடங்கினார். "நாலும் ஒண்ணா இல்லீங்க தம்பி, மூணாவதுல முக்கால் சிசி கூட நிக்குது" என்றார். முக்கால் சிசி என்பது கேட்பதற்குச் சின்ன அளவு. ஆனால் அந்த ஒரு சிலிண்டரில் மட்டும் விகிதம் 10.3 ஆகக் குறைந்துவிடும். மற்ற மூன்று சேம்பர்களை அதற்கு ஈடாக்கிய பிறகுதான் மொத்த ஹெட்டையும் 0.6 மில்லிமீட்டர் சீவினார்.

ஹெட்டைச் சீவினால் அது பிஸ்டன்கள் சுழற்றும் அடித்தண்டான கிராங்குக்குச் சற்று நெருங்கி வருகிறது. இரண்டையும் இணைக்கும் டைமிங் பெல்ட்டின் நீளம் மாறாததால், வால்வுகளைத் திறக்கும் தண்டான கேம் கொஞ்சம் பின்தங்கிவிடுகிறது. முந்தைய பட்டறையில் இதை யாரும் சொல்லவே இல்லை. இவர் நகர்த்தி வைக்கக்கூடிய கேம் புல்லி போட்டு அதைச் சரிசெய்ததோடு, பிஸ்டன் தலையில் குழந்தைகள் விளையாடும் களிமண்ணை வைத்து, என்ஜினைக் கையால் இரண்டு சுற்றுச் சுற்றி, வால்வு பதிந்த இடத்தைப் பிளேடால் வெட்டி எடுத்து அளந்தும் காட்டினார். இன்டேக் பக்கம் குறைந்தது 2 மில்லிமீட்டர் இடைவெளி வேண்டும் என்பது அவர் கணக்கு. பெல்ட் அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளும் வகை என்ஜின் இது என்பதால், அந்த வெட்டிய களிமண் துண்டைப் பார்த்தபோது எனக்கு வந்த நிம்மதி கொஞ்சமல்ல.

வால்வு இருக்கையை 30, 45, 60 டிகிரி என்று மூன்று கோணங்களில் வெட்டியிருக்கிறார். எக்ஸாஸ்டுக்கு, நாலு குழாய்கள் இரண்டாகி, பிறகு ஒன்றாகச் சேரும் நாலு-இரண்டு-ஒன்று அமைப்பைத் தேர்ந்தெடுத்தோம். நாலு-ஒன்று அமைப்பு உச்சியில் இன்னும் கொஞ்சம் தரும், ஆனால் ஊருக்குள் ஓட்டுபவனுக்கு நடுச் சுற்றின் இழுவைதான் முக்கியம். கேமை மாற்றவில்லை. வீடெக் அமைப்பில், குறைந்த சுற்றில் சாந்தமான லோபும் (வால்வைத் தள்ளும் மேடு), மேலே போனதும் உயர்ந்த லோபும் ஏற்கெனவே ஒரே கேமில் இருக்கும்போது, காட்டமான கேம் போட்டு ஐடிலிங்கைக் கெடுத்துக்கொள்வது தேவையில்லை என்பதில் அவருக்கும் எனக்கும் கருத்து வேறுபாடு வரவில்லை.

சுற்றின் எல்லை விஷயத்தில் மட்டும் நான் முரண்டு பிடித்தேன். நிமிடத்துக்கு 8,000 சுற்று வேண்டும் என்றேன். 7,200க்கு மேல் விட மாட்டேன் என்றார். இந்த ஸ்ட்ரோக்கில் 7,200 சுற்று என்றாலே பிஸ்டனின் சராசரி வேகம் விநாடிக்கு 20 மீட்டரைத் தாண்டிவிடும். 1999இல் வந்த ஹோண்டா எஸ்2000 காரில் ஏறக்குறைய இதே ஸ்ட்ரோக்குடன் 9,000 சுற்று வரை போவார்கள் என்பது உண்மைதான். அதன் அடிப்பகுதி முழுவதும் அந்த வேகத்துக்கென்றே வடிவமைக்கப்பட்டது. பிஸ்டனைக் கிராங்குடன் இணைக்கும் என்னுடைய கனெக்டிங் ராடுகள் தொழிற்சாலையில் வந்தவை. ஒரு கிராம் வித்தியாசத்துக்குள் எடை சமப்படுத்தியவை, அவ்வளவே. இப்போது யோசித்தால் அவர் மறுத்ததற்கு நன்றி சொல்கிறேன்.

குறைகளையும் சொல்ல வேண்டும். ஆறு வாரம் என்று சொன்ன வேலை பதினான்கு வாரம் இழுத்தது. போன் செய்தால் எடுப்பதில்லை, நேரில்தான் போக வேண்டும். பில்லை இனவாரியாகக் கேட்டு வாங்க வேண்டியிருந்தது. உதிரி பாகங்கள் போகக் கூலி மட்டும் 58,000 ரூபாய் ஆயிற்று. அந்தக் கூலி நியாயமானது என்றே நினைக்கிறேன். என்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியான ஈசியுவின் டியூனிங் அங்கே கிடையாது. கோயம்புத்தூருக்குத்தான் கொண்டுபோக வேண்டும். எத்தனால் இருபது சதவீதம் கலந்த பெட்ரோலுக்கு எரிபொருளைச் சற்றுக் கூடுதலாகச் செலுத்த வேண்டும் என்பதால் இந்த டியூனிங்கைத் தவிர்க்கவே முடியாது. பழைய காரின் ரப்பர் பெட்ரோல் குழாய்களையும் மாற்றிவிட வேண்டும் என்பதை மேஸ்திரி நினைவூட்டவில்லை. கசிவு வாசனை வந்த பிறகு நானே மாற்றினேன்.

சக்தியை அளக்கும் இயந்திரமான டைனோவில் சக்கரத்தில் 103 குதிரைத்திறன் வந்தது. கம்பெனி சொன்ன 106 என்பது கியர்பாக்ஸ் இழப்புக்கு முந்தைய கணக்கு என்பதை வைத்துப் பார்த்தால் இது நல்ல முன்னேற்றம். ஆனால் எண்ணைவிட, 4,000 சுற்றிலேயே கார் தயங்காமல் எழும்புவதுதான் எனக்குப் பெரிது. செட்டிபாளையத்தில் உள்ள 2.1 கிலோமீட்டர் கரி மோட்டார் ஸ்பீட்வேயில் ஒரு நாள் முழுக்க ஓட்டியும் எண்ணெய் குறையவில்லை, நாக்கிங்கும் இல்லை. ஊட்டிக்குப் போனபோது மட்டும் சோர்ந்துவிட்டது. 2,240 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடும்போது, காற்றைத் தானே இழுக்கும் எந்த என்ஜினுக்கும் அதுதான் நடக்கும், அதைப் பட்டறையின் குறையாகச் சொல்ல முடியாது.

போக நினைப்பவர்கள் என்ஜினை இறக்கி எடுத்துச் சென்றால் இரண்டு வாரமாவது மிச்சமாகும். என்ன விகிதம், எந்த ஆக்டேன் பெட்ரோல், எத்தனை சுற்று என்பதை முதலிலேயே தாளில் எழுதிக் கொடுத்துவிடுங்கள். அவர் அதைச் சுவரில் ஒட்டிவைத்துக்கொண்டுதான் வேலை செய்வார். ஆயிரம் கிலோமீட்டர் முடிந்ததும் டேப்பெட் (வால்வு இடைவெளி) சரிசெய்ய மறுபடியும் வரச்சொல்வார், அதற்குக் காசு வாங்குவதில்லை.