போலிக் கிளிக்: யார் கண்ணை நம்புவது?

கோவையில் இன்வெர்ட்டர், பேட்டரி பழுது பார்க்கும் கடை ஒன்றின் இணைய விளம்பரத்தை நான் கவனித்துக்கொள்கிறேன். ஒரு நாளைக்கு 900 ரூபாய் ஒதுக்கியிருக்கிறோம். விளம்பரத்தை யாராவது தொட்டால் சராசரியாக 45 ரூபாய் கழியும்; யாரும் தொடாவிட்டால் செலவில்லை. கோடையில் ஒரு மதியம், 2.10-க்கும் 2.50-க்கும் இடையில் 11 கிளிக் விழுந்தது. கடைக்காரர் உடனே என்னை அழைத்தார். "தம்பி, பதினோரு பேர் வந்ததாகக் காட்டுகிறது. நான் கல்லாவை விட்டு நகரவே இல்லை. போன் ஒருமுறைகூட அடிக்கவில்லை. இது பக்கத்துத் தெருக்காரன் வேலைதான்."

நாற்பதே நிமிடத்தில் அன்றைய பணத்தில் பாதிக்கு மேல் போய்விட்டது. அவருடைய கோபம் நியாயமானது. ஆனால் பக்கத்துத் தெருவில் இருக்கும் போட்டியாளர்தான் நம் பணத்தைத் தீர்க்க வேண்டுமென்றே தட்டினார் என்பதை யார் சொல்ல முடியும்? அதற்கு மூன்று வழிகள் இருக்கின்றன. போலிக் கிளிக்குகளைக் கழித்துவிடும் விளம்பர நிறுவனத்தின் வடிகட்டியை நம்பலாம். மாதச் சந்தா கட்டிக் காவல் மென்பொருள் ஒன்றை வைத்துக்கொள்ளலாம். அல்லது நம் இணையதளத்தின் சர்வர் லாக்கை, அதாவது யார் எப்போது வந்தார் என்று வரிவரியாகப் பதிவாகும் ஏட்டை, நாமே திறந்து பார்க்கலாம். மூன்றையும் நான் பயன்படுத்தியிருக்கிறேன். சிறு கடைக்கு மூன்றாவதுதான் சரி என்பது என் முடிவு. மற்ற இரண்டும் எங்கே நன்றாக வேலை செய்கின்றன, எங்கே கண் தெரியாமல் நிற்கின்றன என்று பார்த்தால் காரணம் விளங்கும்.

விளம்பர நிறுவனத்தின் வடிகட்டி

இதற்குத் தனியாகக் காசு இல்லை, நாம் எதையும் நிறுவ வேண்டியதும் இல்லை. கூகுளின் விளம்பரச் சேவையான கூகுள் ஆட்ஸ் கணக்கில் 'செல்லாத கிளிக்குகள்' என்று ஒரு பத்தி உண்டு. அது தானாகத் தெரியாது. அட்டவணையில் நாம்தான் சேர்க்க வேண்டும். நான் பார்த்த கணக்குகளில் பாதிக்கு மேல் அது சேர்க்கப்படாமலே கிடந்தது. கிளிக் விழும்போதே சந்தேகத்துக்குரியதைக் கழித்துவிடுவது முதல் படி. பிறகு தெரியவந்தால் பணத்தைக் கணக்கில் திரும்ப வரவு வைப்பது இரண்டாம் படி. நாமே சந்தேகப்பட்டால் விண்ணப்பம் கொடுக்கலாம். கடந்த 60 நாட்களுக்குள் நடந்ததை மட்டுமே ஆராய்வார்கள்.

இந்த வடிகட்டியின் பெரிய பலம், ஒரு கடைக்காரருக்கு ஒருபோதும் கிடைக்காத உயரத்தில் அது நிற்பது. 2006-இல் 'கிளிக்பாட்.ஏ' என்ற நச்சு நிரல் 1,00,000-க்கும் மேற்பட்ட கணினிகளில் பரவியிருந்தது. ஒவ்வொரு கணினியும் கொஞ்சமாகத்தான் கிளிக் செய்தது. ஒரே விளம்பரதாரரின் பக்கத்திலிருந்து பார்த்தால் அது வழக்கமான வருகைபோலவே இருக்கும். ஆயிரக்கணக்கான விளம்பரதாரர்களின் கணக்கை ஒன்றாக வைத்துப் பார்க்கிறவருக்குத்தான் அதன் உருவம் தெரியும். 2013 டிசம்பரில் மைக்ரோசாஃப்ட், எஃப்.பி.ஐ., யூரோபோல் சேர்ந்து முடக்கிய 'ஜீரோஆக்சஸ்' என்ற, நச்சு நிரல் புகுந்த கணினிகளின் வலையும் இப்படித்தான்: ஏறத்தாழ 20 லட்சம் கணினிகள், விளம்பரதாரர்களுக்கு மாதம் 27 லட்சம் டாலர் இழப்பு என்று மைக்ரோசாஃப்ட் கணித்தது. இதை எந்தக் கடையின் லாக்கிலும் உட்கார்ந்து பிடிக்க முடியாது.

ஆனால் வடிகட்டுகிறவருக்கே ஒவ்வொரு கிளிக்கிலும் வருமானம் வருகிறது. அமெரிக்காவின் ஆர்கன்சாவில் 'லேன்ஸ் கிஃப்ட்ஸ்' என்ற பரிசுப்பொருள் கடை தொடுத்த வழக்கில், 2006-இல் கூகுள் 9 கோடி டாலர் வரையிலான சமரசத்துக்கு ஒப்புக்கொண்டது. அந்த வழக்கில் கூகுளின் முறைகளை ஆராய்ந்தவர் நியூயார்க் பல்கலைக்கழகப் பேராசிரியர் அலெக்சாண்டர் டுஷிலின். கூகுளின் முயற்சிகள் நியாயமானவையே என்று அவர் அறிக்கை சொன்னது. அதே அறிக்கையில்தான் இன்னொன்றும் வெளியே வந்தது: ஒரே ஆள் பழக்கத்தில் இருமுறை தட்டினால், அந்த இரண்டாவது தட்டலுக்கும் 2005 மார்ச் வரை காசு எடுக்கப்பட்டது. அதைத் தட்டியவர் மோசடிக்காரர் அல்ல, இயந்திரமும் அல்ல. எது செல்லும், எது செல்லாது என்ற கோட்டை விற்கிறவரே கிழிக்கிறார் என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது.

டுஷிலின் சொன்னதில் நான் அடிக்கடி நினைத்துக்கொள்வது வேறொன்று. செல்லாத கிளிக் எது என்ற விதிகளை முழுதாக வெளியிட்டால் மோசடிக்காரர் அதற்கேற்ப நடந்துகொள்வார். வெளியிடாவிட்டால் காசு கொடுக்கிறவர் சரிபார்க்க வழியில்லை. அதோடு, பல கிளிக்குகளில் தட்டியவரின் நோக்கம் என்ன என்பதைத் தரவிலிருந்து கண்டுபிடிக்கவே முடியாது. 2004-இல் டைம்ஸ் ஆஃப் இந்தியா வெளியிட்ட செய்தி ஒன்று நினைவுக்கு வருகிறது: இந்தியாவில் வீட்டில் இருக்கும் பெண்கள், பட்டதாரிகள் எனப் பலர் ஒரு கிளிக்குக்குச் சில சென்ட் கூலி வாங்கிக்கொண்டு வெளிநாட்டு விளம்பரங்களைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். உண்மையான மனிதர், உண்மையான கணினி, உண்மையான விரல். வாங்கும் எண்ணம் மட்டும்தான் அங்கே இல்லை.

கூகுள் 2007-இல் ஒரு கணக்குச் சொன்னது: தானாகக் கழிக்கப்படுபவை மொத்தக் கிளிக்கில் 10 சதவீதத்துக்கும் குறைவு, விளம்பரதாரர் முறையிட்டதால் கண்டுபிடிக்கப்பட்டவை 0.02 சதவீதத்துக்கும் குறைவு. வடிகட்டியைத் தாண்டி வருவது மிகக் குறைவு என்பதற்கு இதை ஆதாரமாகக் காட்டலாம். முறையிடுகிறவர்களே மிகக் குறைவு என்றும் படிக்கலாம். தன் லாக்கைத் திறந்தே பார்க்காத கடைக்காரர் எதை வைத்து முறையிடுவார்?

காவல் மென்பொருள்

சந்தா கட்டி நம் பக்கத்தில் ஒரு சிறு நிரலை ஒட்டிவிட்டால், வருகிறவர்களின் ஐ.பி. முகவரி (இணைய இணைப்பின் அடையாள எண்), கருவி, நேரம் ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளும். குறிப்பிட்ட நேரத்துக்குள் ஒரே முகவரியிலிருந்து சில கிளிக்குகளுக்கு மேல் வந்தால், அந்த முகவரியை விளம்பரக் கணக்கின் விலக்குப் பட்டியலில் சேர்த்துவிடும். கூகுள் ஆட்ஸில் ஒரு பிரச்சாரத்துக்கு 500 முகவரிகள்வரை விலக்கலாம். அடிப்படை யோசனை இதுதான். மற்றதெல்லாம் அதன்மேல் கட்டப்பட்ட மாடி.

நம் ஊரில் இந்த அடித்தளமே ஆடுகிறது. மொபைல் நிறுவனங்கள் ஒரே பழைய வகை ஐ.பி. முகவரியைப் பெருந்திரளான சந்தாதாரர்களுக்குப் பகிர்ந்து கொடுக்கின்றன. ஒன்றை விலக்கினால் அதன் பின்னால் இருக்கும் அத்தனை பேருக்கும் உங்கள் விளம்பரம் மறைந்துவிடும். புதிய வகையான ஐ.பி.வி6-இல் நிலைமை தலைகீழ்: போனுக்கு முகவரி மாறிக்கொண்டே இருக்கும். நேற்று விலக்கிய முகவரியோடு அவர் இன்று வரமாட்டார். ஒரு பக்கம் அப்பாவிகள் வெளியே நிற்கிறார்கள், மறு பக்கம் வேண்டாதவர் உள்ளே வருகிறார். நிலையான இணைப்பு உள்ள அலுவலகங்களிலிருந்து வாடிக்கையாளர் வரும் தொழில்களில் இந்தச் சிக்கல் குறைவு. போனிலிருந்தே வரும் பேட்டரிக்கடை வாடிக்கையாளருக்கு இது பொருந்தவே இல்லை.

இந்தக் கடைக்கும் அப்படி ஒரு மென்பொருளைச் சில மாதம் வைத்திருந்தோம். முதல் மாத அறிக்கையில் 31 சதவீதம் போலி என்று சிவப்பில் வந்தது. கடைக்காரர் பதறிவிட்டார். நான் வரிவரியாகப் பார்த்தேன். ஒவ்வொரு விளம்பரக் கிளிக்குக்கும் இணைய முகவரியின் வாலில் ஒரு தனி அடையாளம் ஒட்டிக்கொண்டு வரும். கூகுளில் அதைத் தொழிலில் இருப்பவர்கள் 'ஜிகிளிட்' என்போம். மைக்ரோசாஃப்ட் விளம்பரத்துக்கும் அதுபோல ஒன்று உண்டு. அறிக்கை 'நான்கு கிளிக்' என்று காட்டிய இடத்தில் பலமுறை ஒரே அடையாளம்தான் நான்கு தடவை இருந்தது. அதாவது ஒருவர் ஒருமுறை தட்டி வந்திருக்கிறார். உள்ளே வேறு பக்கம் போய், பின்செல்லும் பொத்தானை அழுத்தித் திரும்பியிருக்கிறார். காசு ஒருமுறைதான் கழிந்திருக்கிறது. விலையை ஒப்பிட்டுப் பார்த்துக்கொண்டிருந்த நல்ல வாடிக்கையாளரையே அந்த மென்பொருள் மோசடிக்காரர் என்று குறித்து விலக்கிவிட்டது. இந்தப் பிழை புதிதும் அல்ல. வெளித் தணிக்கையாளர்கள் பக்கத்தைப் புதுப்பிப்பதையும் பின்செல்வதையும் புதுக் கிளிக்காக எண்ணுகிறார்கள் என்று 2006-லேயே கூகுள் ஓர் அறிக்கை வெளியிட்டிருக்கிறது.

விளம்பர நிறுவனத்துக்குக் கிளிக்கில் ஆதாயம் என்றால், காவல் மென்பொருளுக்குப் பயத்தில் ஆதாயம். போலி எதுவும் இல்லை என்று சொல்லும் மாதத்தில் யார் சந்தாவைப் புதுப்பிப்பார்கள்? நூறு கணக்குகளை வைத்து நடத்தும் விளம்பர முகமைக்கு, ஒவ்வொரு லாக்கையும் கையால் திறக்க நேரமில்லாதபோது, இது உதவும். அங்கேயும் தானாக விலக்கும் வசதியை நிறுத்திவிட்டு, எச்சரிக்கை மணியாக மட்டும் வைத்துக்கொள்ளச் சொல்வேன்.

நம் லாக், நம் நோட்டு

மறுபடியும் அந்த மதியத்துக்கு வருகிறேன். சர்வர் லாக்கில் அந்த நாற்பது நிமிடத்தை மட்டும் வெட்டி எடுத்து, கிளிக் அடையாளம் உள்ள வரிகளை மட்டும் வைத்துக்கொண்டேன். தனித்தனி அடையாளங்கள் சரியாக 11. ஆகவே கணக்கில் தவறில்லை, பதினொன்றும் காசு கழிந்த கிளிக்குகளே. அடுத்து நேர இடைவெளி. ஏழு வரிகள் மூன்று, நான்கு நிமிட இடைவெளியில் ஒரே சீராக வந்திருந்தன. ஏழிலும் ஒரே பழைய போன் மாதிரி, ஆனால் ஐ.பி. முகவரிகள் வேறுவேறு. பக்கம் திறந்திருக்கிறது; அதன் பிறகு ஒன்றுமில்லை. விலைப்பட்டியலுக்குப் போகவில்லை, 'அழைக்க' என்ற பொத்தானைத் தொடவில்லை.

விடை கிடைத்தது அதே வரிகளில் இருந்த இன்னொரு குறிப்பில்தான். விளம்பரத்தின் இலக்கு முகவரியில், கிளிக் எந்த வலையமைப்பிலிருந்து வருகிறது என்று எழுதித் தரும் ஒரு குறிப்பை முன்பே சேர்த்து வைத்திருந்தேன். பெரும்பாலான விளம்பரத் தளங்களில் இந்த வசதி இலவசம். கேட்டு வாங்குகிறவர்கள்தான் குறைவு. ஏழு வரிகளிலும் தேடல் கூட்டாளித் தளங்கள் என்ற குறி இருந்தது. அதாவது முக்கியத் தேடல் பக்கத்தில் அல்ல, அதன் விளம்பரங்களைத் தங்கள் பக்கத்தில் காட்டி, கிளிக்கில் ஒரு பங்கைப் பெற்றுக்கொள்ளும் வேறு தளங்களில் விழுந்த கிளிக்குகள். பக்கத்துத் தெருக்காரருக்கு இதில் சம்பந்தம் இருப்பதற்கு எந்தத் தடயமும் இல்லை. போட்டியாளர் நம் விளம்பரத்தைத் தட்ட நினைத்தால் நம் கடைப் பெயரையோ தொழிலையோ முக்கியத் தேடலில் போட்டுத்தான் தட்டுவார்; எங்கோ ஒரு கூட்டாளித் தளத்தைத் தேடிப் போகமாட்டார்.

"அப்படியானால் அவன் செய்யவில்லையா?" என்று கடைக்காரர் இரண்டு முறை கேட்டார். "இல்லைங்க அண்ணா" என்றேன். சற்று நேரம் பேசாமல் இருந்தார். பல மாதங்களாக அந்த மனிதரோடு அவர் பேச்சு வார்த்தை இல்லை.

அந்த ஏழும் இயந்திரமா, கூலிக்குத் தட்டிய கையா, விரல் தவறி விழுந்ததா? டுஷிலின் சொன்னதுபோல நோக்கம் லாக்கில் தெரியாது. ஆனால் கடைக்காரருக்கு நோக்கம் தெரிய வேண்டிய அவசியமே இல்லை. அந்தக் கூட்டாளித் தளங்களிலிருந்து முந்தைய மூன்று மாதத்தில் வந்த கிளிக்குகளைக் வந்த போன் அழைப்புகளை எழுதிவைக்கும் கடையின் நோட்டோடு ஒப்பிட்டோம். ஓர் அழைப்புகூட இல்லை. விளம்பரப் பிரச்சாரத்தின் அமைப்பில், கூட்டாளித் தளங்களுக்கான கட்டத்திலிருந்த குறியை எடுத்தோம். ஓட்டை அடைபட்டது. இதைச் செய்ய மென்பொருள் தேவைப்படவில்லை. ஏழு அடையாளங்களையும் நேரத்தோடு எழுதி விண்ணப்பமும் அனுப்பினோம். நான்குக்கு வரவு வந்தது.

இந்த வழியின் குறை உழைப்பு. முதல்முறை எனக்கு அரை நாள் ஆனது. நோட்டு எழுத ஆள் வேண்டும், அவர் ஒழுங்காக எழுத வேண்டும். முன்னே சொன்ன பெரும் வலைகளை இதனால் பிடிக்க முடியாது; அந்த வேலைக்கு விளம்பர நிறுவனத்தின் வடிகட்டிதான். ஆனால் கிளிக் செய்தவர் கடைசியில் பேட்டரி வாங்கினாரா என்பது நிறுவனத்துக்கும் தெரியாது, மென்பொருளுக்கும் தெரியாது. கல்லாவில் இருப்பவருக்கு மட்டுமே தெரியும்.

கிளிக்குகளைவிட 'வாடிக்கையாளர் விசாரணை'களை அதிகமாக்கும்படி தானியங்கி ஏலத்தை (ஒரு கிளிக்குக்கு எவ்வளவு கொடுப்பது என்று விளம்பரத் தளமே முடிவு செய்யும் முறையை) வைத்திருப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். போலி ஆட்கள் விசாரணைப் படிவத்தையும் நிரப்பிவிடுகிறார்கள். இல்லாத போன் எண், பொருளில்லாத பெயர். ஏல முறையோ அதை வெற்றி என்று கற்றுக்கொண்டு, அதே இடத்திலிருந்து இன்னும் நூறு பேரைக் கூட்டிவருகிறது. படிவத்தை எண்ணுவதை நிறுத்திவிட்டு, நோட்டில் உண்மையாக விற்றதை மட்டும் அதன் கிளிக் அடையாளத்தோடு கணக்கில் ஏற்றினால் அது திருந்தும்.

ஆகவே என் வரிசை இப்படி: முதலில் வலையமைப்புக் குறிப்பும் நோட்டும். கூடவே செல்லாத கிளிக் பத்தியை வாரம் ஒருமுறை பார்ப்பது. காவல் மென்பொருள், செலவு பல லட்சங்களைத் தொட்ட பிறகு, அதுவும் ஒரு மாத லாக்கை நாமே படித்துவிட்ட பிறகு.

கடைக்காரரின் மனைவி இப்போது நோட்டில் ஐந்து கட்டம் போட்டிருக்கிறார்: நேரம், எண், பகுதி, எதைப் பார்த்து அழைத்தார், வாங்கினாரா. இரவு கடை அடைத்ததும் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்புகிறார். நேற்று 14 கிளிக், 5 அழைப்பு, சரவணம்பட்டிக்கு ஒரு 150 ஏ.எச். பேட்டரி.