கோரைக்கு அடித்த மருந்து: நான்கு வருடத்துக்குப் பிறகு

வீட்டுப் புல்தரையில் கோரை புகுந்து நான்கு வருடமாகிறது. அதற்கு ஹேலோசல்ஃப்யூரான் மெத்தில் என்ற களைக்கொல்லியை மூன்று பருவங்கள் அடித்துவிட்டேன். வாங்கலாமா என்று யோசிப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

முதல் வருடம் அதைப் புல் என்றே நம்பினேன். புல் வெட்டி இரண்டே நாளில் மற்றதையெல்லாம் தாண்டி, பளபளவென்று வெளிர்பச்சையாக நிற்கும். ஒருநாள் தண்டை விரலிடுக்கில் உருட்டியபோதுதான் பிடிபட்டது: மூன்று பட்டை. புல்லின் தண்டு உருண்டையாகவோ தட்டையாகவோ இருக்கும், இப்படி முக்கோணமாக இருக்காது. இலைகளும் மூன்று வரிசையாகக் கிளம்பும். மருந்து வாங்கும் முன் இந்தச் சோதனையைக் கட்டாயம் செய்துபாருங்கள்.

அதுவரை கையால்தான் பிடுங்கிக்கொண்டிருந்தேன். மேலே இருப்பது மட்டும் கையோடு வரும். அடியில் கிழங்குகள் சங்கிலி மாதிரி கோத்துக் கிடக்கும், ஒன்று தங்கினாலும் அதிலிருந்து திரும்ப முளைக்கும். ஓர் இடத்தில் தோண்டியும் பார்த்தேன். சங்கிலி அறுந்து, பாதி மண்ணுக்குள்ளேயே நின்றுவிட்டது.

சரி, மருந்துக்கு வருகிறேன். கிளைஃபோசேட் என்ற பொதுவான களைக்கொல்லியை அடித்தால் கோரையோடு புல்லும் கருகிப்போகும். இது அப்படியல்ல. என் அருகம்புல்லுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் எல்லாப் புல்வகைக்கும் ஒத்துவராது, லேபிளைப் படித்துவிட்டு வாங்குங்கள். கோரை மூன்று முதல் எட்டு இலை விட்டிருக்கும்போது அடிக்க வேண்டும். அடிப்பதற்கு இரண்டு நாள் முன்னும் பின்னும் புல் வெட்டக்கூடாது, ஏனென்றால் மருந்து இலை வழியாகத்தான் கிழங்குக்கு இறங்குகிறது. கோரை இலை மெழுகு பூசியதுபோல் வழுக்கும் என்பதால் ஒட்டும் திரவமும் கலந்தே ஆகவேண்டும். முதல் முறை அதைச் சேர்க்காமல் அடித்து ஒரு டப்பா மருந்தை வீணாக்கினேன்.

பெரிய குறை வேகம். முதல் வாரம் ஒரு மாற்றமும் தெரியாது. இரண்டாம் வாரம் மஞ்சளாகும், காய்ந்து விழ மூன்று நான்கு வாரம் பிடிக்கும். பொறுமையிழந்து அளவைக் கூட்டாதீர்கள். தூங்கிக்கொண்டிருந்த கிழங்குகள் பின்னால் முளைக்கும், அதனால் ஆறு வாரம் கழித்து இன்னொரு தடவை அடிக்க வேண்டியிருந்தது. பூச்செடிப் பக்கம் காற்றில் பறந்துவிடாமலும் பார்த்துக்கொள்ளுங்கள்.

மருந்து மட்டும் போதாது என்பது மூன்றாம் வருடம்தான் உறைத்தது. கோரை அடர்ந்திருந்த மூலையில் குழாய் கசிந்துகொண்டிருந்தது. அதைச் சரிசெய்தேன், புல்லையும் கொஞ்சம் உயரமாக வெட்ட ஆரம்பித்தேன். நிழல் விழுந்தால் கோரை தளர்ந்துவிடும். அப்புறம் எனக்கு அவ்வளவு வேலை இல்லை.

இந்த வருடம் மருந்தே அடிக்கவில்லை. வாரம் ஒருமுறை சுற்றிவந்து, ஐந்தாறு இலை விடுவதற்குள் ஈர மண்ணில் குத்துக்கம்பியால் நெம்பி எடுக்கிறேன். அந்த வயதில் புதுக் கிழங்கு பெரும்பாலும் வைத்திருக்காது. போன வாரம் கிடைத்தது நான்கே செடி.