ஆறு போகங்களாக ஃபிளாஸ்க்கும் எச்டிஎம்எக்ஸும்

சம்மாந்துறையில் உள்ள ஒரு நெல் ஆலைக்கு நான் எழுதிக்கொடுத்த கொள்வனவு இணையப் பக்கம் ஆறு போகங்களைக் கடந்துவிட்டது. வழங்கியில் (server) பைத்தான் மொழியில் இணையப் பக்கங்களை உருவாக்க உதவும் ஃபிளாஸ்க்கும், உலாவியில் பக்கத்தின் ஒரு பகுதியை மட்டும் மாற்ற உதவும் எச்டிஎம்எக்ஸ் என்ற சிறு நிரலகமும் இயங்குகின்றன.

முன்னர் இருந்த பக்கம் அரை நிமிடத்துக்கு ஒருமுறை முழுவதுமாகப் புதுப்பிக்கப்பட்டதால், எழுதுவினைஞர் ஈரப்பதத்தைத் தட்டச்சுச் செய்துகொண்டிருக்கும்போதே பெட்டி வெறுமையாகிவிடும். ஈரப்பதம் 14 வீதத்தைத் தாண்டினால் மூடைக்கான விலை குறையும் என்பதால், அந்த ஓர் எண் தவறினாலே தராசடியில் வாக்குவாதம் எழும்.

இப்போது, வரிசையில் நிற்கும் உழவு இயந்திரங்களின் பட்டியலுக்கு மட்டும், எந்த முகவரியைக் கேட்பது, எத்தனை நொடிக்கு ஒருமுறை கேட்பது என்ற இரண்டு பண்புகளைப் பக்கத்தின் எச்டிஎம்எல் குறியில் எழுதியிருக்கிறேன். பத்து நொடிக்கு ஒருமுறை உலாவி கேட்க, ஃபிளாஸ்க், தன்னோடு வரும் ஜிஞ்ஜா என்ற கருவியின் வார்ப்புருவில் பட்டியலின் வரிகளை நிரப்பி ஓர் எச்டிஎம்எல் துண்டாக அனுப்புகிறது. அத்துண்டு பழைய வரிகளின் இடத்தில் போய் அமர, அருகிலுள்ள பெட்டியில் எழுதியது கலையாமல் நிற்கிறது. இதற்கென நான் ஜாவாஸ்கிரிப்ட் ஒரு வரியும் எழுதவில்லை. எச்டிஎம்எக்ஸின், 2024இல் வெளியான இரண்டாம் பதிப்புக்கு மாறியபோதும் சிரமம் இருக்கவில்லை.

தவறுகள் என்னுடையவை. முழுப்பக்கத்துக்கும் துண்டுக்கும் ஒரே முகவரியை வைத்து, எச்டிஎம்எக்ஸ் தன் கோரிக்கையோடு அனுப்பும் தலைப்பைப் (header) பார்த்து எதை அனுப்புவதென்று முடிவுசெய்தேன். டேட்டாவை மிச்சப்படுத்த, பதில்களை உலாவியே சற்று நேரம் சேமித்துவைக்கவும் சொல்லியிருந்தேன். ஒருநாள் எழுதுவினைஞர் பின்செல்லும் பொத்தானை அழுத்தியபோது, பக்கத்தின் பெயரும் வண்ணமும் இல்லாத வெற்று வரிகள் மட்டும் திரையில் கிடந்தன; சேமித்துவைத்த துண்டையே உலாவி முழுப்பக்கமாகக் காட்டிவிட்டது. எந்தக் கோரிக்கைத் தலைப்பைப் பொறுத்துப் பதில் மாறும் என்று உலாவிக்குச் சொல்லும் வேரி (Vary) என்ற தலைப்பைப் பதிலில் சேர்த்தும் இதைத் தீர்க்கலாம். துண்டுக்குத் தனி முகவரி கொடுப்பதே எனக்குத் தெளிவாகப் பட்டது.

மற்றத் தவறு இதைவிட நுட்பமானது. மாற்றம் இல்லாதபோது, பதிலில் உள்ளடக்கம் இல்லை என்று பொருள்படும் 204 என்ற நிலைக் குறியீட்டை அனுப்பினால் எச்டிஎம்எக்ஸ் திரையைத் தொடாது. வழங்கி பிழைக் குறியீட்டைத் திருப்பினாலும் இயல்பான அமைப்பில் பழைய வரிகளே நிற்கும். ஆகவே வண்டி வராத அமைதியான பொழுதையும், வழங்கி செயலிழந்த பொழுதையும் திரையைப் பார்த்துப் பிரித்தறிய வழி இருக்கவில்லை. 204ஐக் கைவிட்டு, ஒவ்வொரு துண்டின் அடியிலும் புதுப்பித்த நேரத்தை அச்சிடத் தொடங்கினேன். சில நூறு பைட்டுகள் கூடுதலாகச் செலவாகின்றன. ஆனால் அந்த நேரம் நின்றுபோனால், எழுதுவினைஞர் பட்டியலை நம்பாமல் வாசலுக்குச் சென்று வண்டிகளை எண்ணிக்கொள்கிறார்.

இணைப்பு அடிக்கடி அறுபடும் வயல்வெளிக் களஞ்சியங்களுக்கு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன். பொத்தானை அழுத்தும் ஒவ்வொரு முறையும் வழங்கியிலிருந்து பதில் வந்தாக வேண்டும்.